பறங்கிக்காயும் நொய்யும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து வடக்கே காவிரியையும், திருவரங்கத் தீவையும், கொள்ளிடத்தையும் கடந்து செல்வோர் சற்று நேரத்தில் மண்ணச்சநல்லூரை அடைவர். ஊர்ப் பெயர்ப் பலகையைப் படிக்குமுன்னரே, நெல் அவியும் மணம் அவ்வூரின் தொழில் இன்னதென்று மூக்கிற்குச் சொல்லிவிடும். காவிரி நீர் பெருவளை வாய்க்கால் முதலியவற்றின் வழியே இப்பக்கத்து வயல்களில் பாய்கின்றது. வயல் இருக்கும் இடத்தில் நெல்லும், நெல் இருக்கும் இடத்தில் ஆலையும் தோன்றுதல் இயல்பே. மண்ணச்சநல்லூர்ப் பொன்னி என்னும் பெயர் இன்று தமிழ்நாட்டுக் கடைத்தெருக்கள் பலவற்றிலும் அரிசி மூட்டைகளின்மேல் காணப்படுகின்றது.

அரிசி மூட்டைகளைப் பற்றி எழுதுதல் எம் நோக்கமன்று. மூட்டையில் ஏறாது ஆலையிலேயே தங்கிவிடும் ஒரு பொருளைப் பற்றியே ஈண்டுக் கூற விரும்புகின்றேன். நெல்லை நீரில் ஊறவைத்து, நீராவியில் அவித்து, உலர்த்தி, உமியை நீக்கித் தவிட்டைத் தீட்டுகின்றனர். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியாகக் கழியும். தவிடு பிரிந்தபின் எஞ்சுவது அரிசி. அவ்வரிசியிலும் முழுமணி வேறாகவும், உடைந்த துணுக்கு வேறாகவும் சல்லடையிற் பிரியும். அளவிற்கு மீறிய வெயிலில் விரைந்து காய்ந்த நெல்மணியின் உள்ளே மெல்லிய விரிசல்கள் விழுகின்றன. தீட்டும்போது அவ்விடத்தில் மணி முறிகின்றது. நெல்லை அவித்தால் மாவுப் பொருள் இளகி அவ்விரிசல்களை ஒட்டிவிடுமாதலின், புழுங்கலரிசியில் உடைவு குறைவு, பச்சரிசியில் மிகுதி. உடைந்த இத்துணுக்குகளையே நொய் என்றும் குறுணை என்றும் வழங்குகின்றோம். குறுநொய் என்பதே மருவிக் குறுணை ஆயிற்று எனக் கருத இடமுண்டு.

நொய் என்னும் சொல் எனக்கு மிகவும் உவப்பானது. நொய்ய என்றால் மெல்லிய, கனமற்ற என்று பொருள். நொய்ம்மை என்பது எடையின்மை. திண்மைக்கு மறுதலை அது. வகுப்பறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் இச்சொல்லையும் இதன் இனச்சொற்களையும் மாணவர்களுக்கு விளக்கியிருக்கின்றேன். ஆயினும், மாணவர்களே, ஓர் உண்மையை உங்களிடம் மறைத்தல் தகாது. ஓய்வு பெறும்வரை நொய்யை யான் வாயிலிட்டு அறியேன். ஆலைகளால் சூழப்பட்ட ஊரில் வாழ்ந்தும், முழு அரிசி உண்போர் வீடு, நொய் உண்போர் வீடு என்று இரு வகை வீடுகள் உண்டு என்பதும், எங்கள் வீடு முதல் வகையினது என்பதும் எனக்குள் ஒரு சிறு செருக்காகவே இருந்திருத்தல் வேண்டும். ஆலைக் களத்தில் நெல்லைத் துழாவும் பெண்கள் மாலையில் முந்தானையில் முடிந்து செல்வது நொய். கோழிக்கு இறைப்பது நொய். அவ்வளவே யான் அறிந்தது.

யான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு, மார்கழித் திங்களில், என் மனைவியார் நெடுங்காய்ச்சலில் விழுந்து எழுந்தார். காய்ச்சல் தணிந்தது, பசி திரும்பவில்லை. பகலில் ஏதோ சிறிது உண்பார். இரவில் மட்டும் கனமின்றி, எளிதிற் செரிப்பதாக ஏதேனும் கொடுத்து வருமாறு மருத்துவர் கூறினார். மக்கள் இருவரும் வெளியூரில் இருந்தனர். எனவே சமையலறை என் கைக்கு வந்தது. அடுப்பை மூட்டத் தெரியுமே தவிர, அதன்மேல் எதை வைப்பது என்பது எனக்குத் தெரியாது. மூன்று நாள் கஞ்சி வைத்தேன். நான்காம் நாள் இரவு அவர் கிண்ணத்தைத் தொடாமலே முகத்தைச் சுவர்ப்புறம் திருப்பிக்கொண்டார். “இன்னொரு முறை கஞ்சியைக் கண்ணில் காட்டாதீர்கள்” என்று சொல்லிவிட்டார். அன்று அவர் உண்ணாமலே உறங்கினார். நலிந்த உடம்பு வெறும் வயிற்றோடு கிடப்பதைக் கண்டு யான் உறங்கவில்லை.

மறுநாள் காலை, எங்கள் தெருக்கோடியில் வாழும் அம்மையார் ஒருவர் நலம் உசாவ வந்தார். ஆலைக் களத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து முதுமையெய்தியவர். வரும்போது ஒரு கையில் சிறு பறங்கிக்காயும், மறு கையில் துணி முடிப்பில் சிறிது பச்சரிசி நொய்யும் கொண்டுவந்தார். செய்தியைக் கேட்டதும் அவர் சிரித்தார்.

“கஞ்சியை எத்தனை நாளைக்கு ஐயா குடிப்பார்கள்? இந்தக் காய்க்குள்ளே நொய்யை வைத்து அவித்துக் கொடுங்கள். நாங்கள் களத்தில் இருக்கும்போது கொதிகலத்து உமித்தணலில் காயைப் புதைத்து வைப்போம். இருட்டும்போது எடுத்தால் பதமாக இருக்கும். சட்டி கழுவும் வேலையும் மிச்சம்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நாம் பழமொழி வழங்குகின்றோம். அம்மையார் சொன்னதோ சோற்றைக் காய்க்குள் மறைக்கும் வித்தை. எனக்கு அது புதுமையாகத் தோன்றியது.

செய்முறையைச் சொல்லுமுன் இக்காயைப் பற்றிச் சில கூற வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு இடந்தோறும் ஒரு பெயர். திருச்சிராப்பள்ளி, தஞ்சைப் பக்கங்களில் பறங்கிக்காய். கொங்கு நாட்டில் அரசாணிக்காய். தென்பாண்டிச் சீமையிலும் யாழ்ப்பாணத்திலும் இதனையே பூசணிக்காய் என்பர். நம் பக்கத்தில் பூசணி என்றால், சாம்பல் பூத்த தோலும் வெள்ளைச் சதையும் உடைய வேறொரு காய் நினைவிற்கு வரும். இரண்டும் ஒரே குடும்பத்துக் கொடிகளெனினும் பிறந்த நாடு வேறு. வெள்ளைப் பூசணி ஆசியாவில் தோன்றியது. மஞ்சட் சதையுடைய பறங்கியோ அமெரிக்கக் கண்டத்தது. 1492-இல் கொலம்பசு அக்கண்டத்தின் தீவுகளை அடைந்த பின்னரே இதன் விதை கடல் கடந்து ஏனைய நாடுகளை அடைந்தது. 1498-இல் போர்ச்சுக்கீசியர் கள்ளிக்கோட்டைக்கு வந்தனர். அவர்களைத் தமிழர் பறங்கியர் என்றனர். பறங்கிமலை, பறங்கிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயர்களில் உள்ள அதே பறங்கிதான் இக்காயின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. மெக்சிகோ நாட்டின் ஓவாகா மாநிலத்துக் குகை ஒன்றில் இவ்வினத்து விதைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அவை ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமை உடையன என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். அங்குள்ள மக்கள் மக்காச்சோளத்தைப் பயிரிடுவதற்கு முன்னரே இவ்வினக் கொடிகளைப் பயிரிட்டனர். பின்னர்ச் சோளம், அவரை, பறங்கி ஆகிய மூன்றையும் ஒரே நிலத்தில் சேர்த்து வளர்க்கக் கற்றனர். சோளத்தட்டையின்மேல் அவரை படரும். அகன்ற பறங்கியிலை நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கும்.

யான் இளமையில் திருவரங்கத்தில் முதியவர் ஒருவரிடம் இலக்கணம் பயின்றேன். அவர் வெளிநாட்டுக் காய் எதனையும் தீண்டமாட்டார். மிளகு இருக்க மிளகாய் எதற்கு என்று கேட்பார். பறங்கிக்காயும் அவர் வீட்டு வாசற்படியைத் தாண்டாது. ஆயினும் மார்கழி விடியலில் அவ்வீட்டுக் கோலத்தின் நடுவே, சாண உருண்டையின்மேல், பொன்னிறமான பறங்கிப்பூ மலர்ந்திருக்கும். ஒருநாள் துணிந்து, “ஐயா, காய்க்கு உள்ள விலக்கு பூவிற்கு இல்லையோ?” என்று வினவினேன். அவர் சினங்கொள்ளவில்லை. “காய் வயிற்றுக்குள் போகிறது, பூ வாசலோடு நின்றுவிடுகிறது” என்றார். விடை எனக்கு அன்றும் நிறைவு தரவில்லை; இன்றும் தரவில்லை.

பூவைக் கோலத்திற்குப் பறித்துவிட்டால் காய் எவ்வாறு உண்டாகும் என்று நீங்கள் கேட்கலாம். பறங்கிக் கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் பிஞ்சு போன்ற சிறு குமிழ் காணப்படும். ஆண்பூ நீண்ட காம்பின்மேல் வெறுமனே நிற்கும். ஆண்பூக்களே எண்ணிக்கையில் மிகுதி. இரண்டும் விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். அதற்குள் தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்த்தல் வேண்டும். நம் தாய்மார் கோலத்திற்கு நீண்ட காம்புள்ள ஆண்பூக்களையே கொய்வர். அவற்றுள்ளும் சிலவற்றைத் தேனீக்கென்று கொடியிலேயே விட்டுவைப்பர். தாவர நூல் படியாமலே அவர்கள் அறிந்துவைத்திருந்த நுட்பம் இது.

அயல்நாட்டுப் பொருள் என்று ஒதுக்கத் தொடங்கினால் நம் இலையில் எஞ்சுவது சிறிதே. பொன்னி என்பது காவிரிக்குரிய பெயர். அப்பெயரை ஏற்ற நெல்லின் வரலாற்றைப் பாருங்கள். தைவான் நாட்டு நெல் ஒன்றையும் மலேயா நாட்டு நெல் ஒன்றையும் இணைத்துப் பிறந்தது மசூரி. மலேசியாவில் 1965-இல் உழவர்க்கு வழங்கப்பட்ட அந்நெல்லே பின்னர்த் தமிழகத்திற்கு வந்து பொன்னி எனப் பெயர் பெற்றது. எங்கள் ஊர்ப் புகழுக்குக் காரணமான நெல்லும் கப்பலேறி வந்த மரபினதே. என் ஆசிரியர் உயிரோடிருந்த காலத்தில் இதனை அறிந்திருந்தேனாயின் கட்டாயம் அவரிடம் சொல்லியிருப்பேன்.

பறங்கியை இருநிலையிலும் உண்ணலாம். பச்சை நிறமுள்ள இளங்காயைப் பறங்கிக்கொட்டை என்பர். பால் சேர்த்துக் கூட்டு வைப்பர். அது நாட்படாது. முற்றிய காயோ தோல் தடித்து, நீர் வெளியேறாதவாறு தன்னைத்தானே மூடிக்கொள்கின்றது. காம்போடு அறுத்து, காற்றோட்டமுள்ள பரணிலோ உறியிலோ வைத்தால் திங்கட் கணக்கில் கெடாது. காம்பு ஒடிந்தால் அப்புண்வழியே அழுகல் நுழையும். குளிர்நாட்டு மக்கள் இலையுதிர் காலத்தில் அறுத்த காயைப் பனிக்காலம் முழுதும் வைத்து உண்டனர். ஆதலின் அவர்கள் இவ்வகையைக் குளிர்காலக் காய் என்றே வழங்குகின்றனர். நமக்குப் பனிக்கட்டி இல்லை. ஆனால் ஆடிப்பட்டத்தில் ஊன்றிய விதை மார்கழி, தை மாதங்களில் பரணை நிரப்பும். பொங்கற் குழம்பில் பறங்கித் துண்டு மிதப்பது இதனாலேயே. அடைத்து அவிப்பதற்குப் பெருங்காய் ஆகாது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட கோ 2 என்னும் வகை, ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை எடையுள்ள காய்களைத் தருவது. அத்தகைய சிறுகாயே இதற்கு ஏற்றது.

இனி, அன்று மாலை யான் செய்ததைச் சொல்லுகின்றேன். காயின் காம்புப் பக்கத்தை மூடிபோல் வட்டமாக அரிந்தெடுத்தேன். இது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. முற்றிய தோல் கத்தியை எளிதில் உள்ளே விடாது. விதையும் நாரும் சேர்ந்த குடலைக் கரண்டியால் வழித்தேன். முடிப்பிலிருந்த நொய்யைக் கழுவி, அப்படியே பச்சையாகக் காயின் விளிம்புவரை நிரப்பினேன். சிறிது நீரும் உப்பும் வார்த்து மூடியை அழுத்திப் பொருத்தினேன். ஆவிப் பானையில் ஏற்றி அரைமணி நேரம் காத்திருந்தேன். திறந்தபோது காய் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மேற்பரப்பில் நொய் குழைந்தும், நடுவில் மணலைப்போல் நறநறவென்றும் இருந்தது. பிளவின் வழியே பாதி நொய் பானை நீரில் விழுந்து கஞ்சியாகியிருந்தது. எந்தக் கஞ்சியை வேண்டாமென்றாரோ அதே கஞ்சி! சத்தம் கேட்டு மெல்ல எழுந்து வந்து எட்டிப் பார்த்த என் மனைவியார், பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். அன்றிரவும் அவர் உண்டது இரண்டு வாழைப்பழமே.

பிழை எங்கே என்பதை அடுத்த நாள் அம்மையார் விளக்கினார். அவர் கூறியவற்றைப் பள்ளி அறிவியலோடு பொருத்திப் பார்த்தால் எல்லாம் தெளிவாகின்றன. அரிசி வேகும்போது நீரை உறிஞ்சி ஏறக்குறைய மூன்று மடங்காகப் பருக்கும். விளிம்புவரை அடைத்த பச்சை நொய்க்குப் பருக்க இடமில்லை. எனவே அது காயைப் பிளந்தது. பறங்கிச் சதையோ பத்தில் ஒன்பது பங்கு நீர். அடர்ந்த அச்சுவரின் ஊடே வெப்பம் மெல்ல மெல்லவே உட்செல்லும். நடுவிலுள்ள பச்சை நொய் வேகுமளவும் காத்திருந்தால் காய் குழைந்துவிடும். காய் பதமாகும்போது எடுத்தால் நொய் வேகாது. இரண்டையும் ஒரே வேளையில் பதத்திற்குக் கொண்டுவரும் வழி ஒன்றே. நொய்யை முன்னதாக அரைவேக்காடாக்கிக் கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாம் முறை அவர் சொன்னபடியே செய்தேன். 150 கிராம் நொய்யையும் 50 கிராம் பாசிப்பருப்பையும் வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்தேன். வறுத்த நொய் குழையாது உதிரியாக நிற்கும். அதனை இரண்டு மடங்கு நீரில் இட்டு, நீர் வற்றும்வரை மட்டும் வேகவிட்டு இறக்கினேன். துணுக்கு சிறிதாதலின் நாற்புறமும் நீர் விரைவிற் புகும். எட்டு, பத்து நிமிடத்திற்குள் அரைவேக்காடாகிவிடும். முழு அரிசிக்கு இவ்விரைவு இல்லை. பிறகு ஒரு கரண்டி நெய்யில் சீரகம், பொடித்த மிளகு, இஞ்சித் துருவல், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, ஒரு பிடி தேங்காய்த் துருவலும் உப்பும் சேர்த்துப் பிசிறினேன். மிளகாய் சேர்க்கவில்லை. காய்ச்சற்காரருக்கு ஆகாது என்பது ஒரு காரணம். என் ஆசிரியரின் நினைவு மற்றொரு காரணம்.

காயை அரிந்தவுடன் சிறு துண்டு சதையை நாவில் வைத்துப் பார்த்தல் வேண்டும். பறங்கி இயல்பாக இனிக்கும். எப்போதேனும் ஒரு காய் கடுமையாகக் கசந்தால் அதனைச் சமைக்காமல் எறிந்துவிடுக. அக்கசப்பு இக்குடும்பத்துக் கொடிகளில் தோன்றும் ஒருவகை நச்சுப் பொருளின் அடையாளம், வேகவைத்தாலும் போகாது.

காயின் உட்குழிவில் முக்காற்பங்கு மட்டும் அடைத்தேன். எஞ்சிய கால்பங்கு, நொய் பருப்பதற்கு விட்ட இடம். மூடியைப் பொருத்தினேன். அகன்ற தவலையின் அடியில் நான்கு விரல் உயரம் நீர் வார்த்து, வைக்கோலை நிரம்பப் பரப்பி, நீர் தொடாதவாறு அதன்மேல் காயை அமர்த்தி மூடினேன். கொழுக்கட்டை அவிக்கும் முறையே இது. வைக்கோல் இல்லாதார் இட்லிப் பானையின் அடித்தட்டைப் பயன்படுத்தலாம். நடுத்தரத் தீயில் முக்கால் மணி நேரம் ஆயிற்று. மெல்லிய குச்சி ஒன்றைத் தோலில் குத்தினால் தடையின்றி இறங்க வேண்டும்; அதுவே பதம். அடுப்பை அணைத்தபின் கால்மணி நேரம் திறவாமல் விட்டேன். சதையிலிருந்து கசிந்த இனிய நீரை நொய் குடித்துக்கொள்வது அவ்வேளையில்தான். கைவேலை இருபது நிமிடத்திற்கு மேல் இல்லை. மற்ற நேரமெல்லாம் ஆவியின் வேலை. நீங்கள் மாலையில் பாடம் படித்துக்கொண்டே இதனைச் செய்யலாம். தவலையில் நீர் வற்றாமல் இடையில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

காயையே கலமாக்கிச் சோறு வைக்கும் வழக்கம் எங்கள் ஊர்க் களத்திற்கு மட்டும் உரியதன்று என்பதைப் பிற்பாடு அறிந்தேன். காக்கேசிய மலைப் பக்கத்து ஆர்மீனிய நாட்டில் கப்பமா என்றோர் உணவு உண்டு. அரைவேக்காட்டு அரிசியோடு உலர்ந்த பழங்கள், வெண்ணெய், தேன் ஆகியவற்றைக் கலந்து பறங்கிக்குள் அடைத்து, அடுப்பறையில் வாட்டி, புத்தாண்டையொட்டிய பனிநாட்களில் உறவினர் சூழ அரிந்து உண்பர். அதனைப் பற்றி அவர்களிடம் பாட்டே உண்டு. ஆர்மீனியர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். வணிகராகச் சென்னையில் குடியேறிய அவர்கள், 1794-இல் அங்கிருந்து அசுதரார் என்னும் இதழை வெளியிட்டனர். உலகிலேயே ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் அதுவே. அவர்கள் வாழ்ந்த ஆர்மீனியன் தெருவின் பெயர் தமிழர் நாவில் அரண்மனைக்காரன் தெரு ஆயிற்று. இல்லாத அரண்மனையைத் தேடி எத்தனை பேர் அத்தெருவில் அலைந்தனரோ! அவர்கள் காயில் தேன் சேர்க்கின்றனர். நாம் மிளகு சேர்க்கின்றோம். அரிசியை அரைவேக்காடாக்கி அடைக்கும் நுட்பம் இருவர்க்கும் ஒன்றே.

இவ்வுணவு எத்துணை நொய்யது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 150 கிராம் அரிசியில் ஏறத்தாழ 520 கலோரி உண்டு. 50 கிராம் பருப்பில் 170. ஒரு கிலோ பறங்கிச் சதையில் 260 கலோரியே. நெய்யும் தேங்காயும் சேர்ந்து 200 எனக் கொண்டாலும், மொத்தம் 1,150 அளவில் நிற்கும். நால்வர் பகிர்ந்து உண்டால் ஒருவர்க்கு 300-க்குக் குறைவு. வயிறு நிறைந்த உணர்வு உண்டாகின்றது. காரணம் பெரும்பகுதி நீரும் நாரும். இலையில் மலைபோல் தெரிவது உடம்பில் சுமையாக நில்லாது. இரவில் நிரம்ப உண்டு உடனே படுப்போர் நெஞ்செரிச்சலால் விழித்துக் கிடப்பதை நீங்களும் உங்கள் இல்லங்களிற் கண்டிருப்பீர்கள். சதையின் மஞ்சள் நிறத்திற்குக் காரணமான கரோட்டின் உடம்பில் உயிர்ச்சத்து ஏ-யாக மாறிக் கண்ணுக்கு நலம் செய்யும்; கொழுப்போடு சேர்ந்தாலன்றி அதனை உடம்பு நன்கு ஏற்காது. ஒரு கரண்டி நெய் வெறும் மணத்திற்காக மட்டும் வார்த்ததன்று. வழித்தெடுத்த விதையையும் எறிய வேண்டா. கழுவி உலர்த்தி வறுத்துத் தோல் நீக்கித் தின்னலாம்.

அன்று இரவு ஏழரை மணிக்குத் தவலையைத் திறந்தேன். தோல் கருமை கலந்த பொன்னிறமாய்ப் பளபளத்தது. அதனை வாழையிலையில் எடுத்துவைத்து, முலாம்பழம் அரிவதுபோல் மேலிருந்து கீழாகக் கீற்றுக்களாக அரிந்தேன். ஒவ்வொரு கீற்றிலும் மஞ்சட் சதையும், அதன்மேல் வெண்ணிற நொய்யும் அப்படியே நின்றன. அருகில் ஒரு குவளை நீர்மோர். வேறு துணைக்கறி தேவைப்படவில்லை.

என் மனைவியார் ஒரு கீற்றைக் கையிலெடுத்து நெடுநேரம் பார்த்தார். பின்னர் உண்டார். இரண்டாவது கீற்றைக் கேளாமலே எடுத்துக்கொண்டார். யான் எதிரில் அமர்ந்து, அறுபது ஆண்டுக்கால வாழ்வில் முதன்முறையாக நொய்யைச் சுவைத்தேன். சொல்லின் பொருள் அப்போதுதான் நாவிற்குத் தெரிந்தது.

“முப்பது ஆண்டாக இந்த நொய்யைத்தானே ஆலையிலிருந்து வாங்கி வந்து கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்?” என்று அவர் கேட்டார்.

“ஆம்.”

“கோழிகள் கெட்டிக்காரக் கோழிகள்.”

எஞ்சிய ஒரு கீற்றை இலையில் பொதிந்து தெருக்கோடிக்கு எடுத்துச் சென்றேன். அம்மையார் திண்ணை விளக்கின் கீழ் அமர்ந்திருந்தார். பொதியைப் பிரித்து, முதலில் நொய்யை மட்டும் கிள்ளி வாயிலிட்டுத் தலையசைத்தார். பிறகு அடிச்சதையைச் சிறிது தின்றார். தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர் எதிரே நிற்கும் மாணவனைப்போல் யான் நின்றிருந்தேன்.

“நொய் சரியாக வெந்திருக்கிறது ஐயா. உப்பைத்தான் உள்ளே மட்டும் போட்டிருக்கிறீர்கள். காய்க்கு வேண்டாமா? அடைக்குமுன் உட்புறம் எங்கும் உப்பும் மஞ்சளும் தடவிக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைக்க வேண்டும்.”

அன்றுமுதல் தடவி வருகின்றேன்.